சிங்கப்பூரில் குட்டை ஊசியிலை மரங்களைத் தொட்டியில் வளர்க்கும் முறை

டிசம்பர் நெருங்கும்போது சிங்கப்பூரின் பேரங்காடிகளிலும் செடிக்கடைகளிலும், கூம்பு வடிவில், கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும் மஞ்சள் பச்சை நிறச் சிறு மரங்கள் வந்து இறங்குகின்றன. 'கோல்டுகிரெஸ்ட்' என்ற பெயரில் விற்கப்படும் அந்தச் செடி, கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரைக்குரிய சைப்ரஸ் மரத்தின் ஒரு ரகம். அதை வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்களில் பலர், சீனப் புத்தாண்டு கழிவதற்குள் அது உட்புறத்திலிருந்து பழுப்பேறி மொறுமொறுவென்று காய்ந்துவிடுவதைப் பார்த்துவிட்டு, ஊசியிலை மரங்கள் இந்த ஊருக்கு ஒத்துவராதவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. ஒத்துவராத இனங்கள் பல இருக்கின்றன. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்திலும் தரைவீட்டின் சிறு முற்றத்திலும் பல ஆண்டுகள் செழிப்பாக நிற்கக்கூடிய இனங்களும் சில இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றின் வேருக்குக் காற்றோட்டமும் ஓரளவு குளிர்ச்சியும் கிடைக்கச் செய்வதுமே இங்கு முக்கியமான வேலைகள்.

கோல்டுகிரெஸ்ட் இங்கே தோற்பதற்குக் காரணம் பகல் வெயிலைவிட இரவின் வெப்பம்தான். பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரையை மரம் இரவில் சுவாசத்திற்காகச் செலவிடுகிறது. இரவு எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்தச் செலவும் கூடுகிறது. மான்டரே கரையில் கோடைக்காலத்து இரவுகள்கூட 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். சிங்கப்பூரிலோ இரவின் தாழ்நிலை வெப்பமே சராசரியாக 25 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வீட்டுக்குள் வெளிச்சமும் போதாமல் போனால், வரவு குறைந்து செலவு கூடிய அந்த மரம் தன் கையிருப்பைக் கரைத்துக்கொண்டே சில மாதங்கள் பச்சையாக நிற்கிறது. பிறகு ஒரேயடியாகச் சரிகிறது.

ஸ்புரூஸ், ஃபிர் போன்ற குளிர்நாட்டு இனங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அவை ஆண்டுதோறும் சில வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விரியும். உலகெங்கும் தொட்டிகளில் காணப்படும் குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ், 1904-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் லேக் லூயிஸ் பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு மரத்தோட்டத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் இருவரால் கண்டெடுக்கப்பட்டது. ராக்கி மலைப் பனியில் பிறந்த அந்த மரத்திற்கு நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு தாழ்வாரத்தில் எந்த உரமும் எந்தக் கவனிப்பும் குளிர்காலத்தை ஈடுசெய்து தர இயலாது.

பெயர்ச்சீட்டில் உள்ள அளவை நம்பலாமா?

குட்டை ஊசியிலை மரங்கள் எல்லாம் ஒரே வழியில் தோன்றியவை அல்ல. பெரிய மரத்தின் கிளையொன்றில் குருத்துகள் நெருக்கியடித்து வளரும் புதர்க்கொத்து ஒன்றிலிருந்து துண்டெடுத்து ஒட்டுக் கட்டியவை சில. விதைப்பாத்தியில் தற்செயலாக மெதுவாக வளர்ந்த நாற்றுகள் சில. உயர்ந்த மலைகளில் காற்றுக்குப் பணிந்து இயல்பாகவே தரையோடு படர்பவை சில. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்வது நுண்வகை, 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்வது குட்டை வகை. 15 முதல் 30 வரை இடைப்பட்டது. அதற்கு மேல் பெரியது.

இந்த அளவுகள் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் குறையாத சிங்கப்பூரில், ஒத்துவரும் இனம் ஒன்று ஓய்வில்லாமல் குருத்து விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, சீட்டில் குட்டை என்று இருப்பதால் அந்த மரம் அப்படியே நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. மற்றதைவிட மெதுவாக வளரும் என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும். இங்கே மரத்தைக் குட்டையாக வைத்திருப்பவை தொட்டியின் அளவும் கத்தரியும்தான்.

எவற்றை வாங்கலாம்

முதல் மரமாக வளர்ப்பதற்கு என் பரிந்துரை போடோகார்பஸ் மேக்ரோஃபில்லஸ். சீனர்கள் 'லுவோஹான் சோங்' என்று அழைக்கும் இம்மரம் இங்குள்ள பண்ணைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் இன்னும் அதிகமாகவே கிடைக்கும். இதன் இலை ஊசிபோல் இல்லாமல் நீண்ட பட்டையாக, கரும்பச்சையில் இருக்கும். புதுக் குருத்து வெளிர்பச்சையில் மேல்நோக்கி எழும்போது, பழைய இலைகளுக்கு மேல் இன்னொரு நிற அடுக்கு விரித்ததுபோல் தோன்றும். அரைநாள் வெயில் போதும், ஈரக்காற்றைத் தாங்கும், வெட்டிய இடத்துக்குக் கீழே பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த வேறு ஊசியிலை மரம் சிங்கப்பூரில் எளிதில் கிடைப்பதில்லை. தொட்டிக்கு வாங்கும்போது, சிறிய இலை கொண்ட ரகத்தையே கேட்டு வாங்குவது நல்லது. பெரிய இலை ரகங்களைச் சிறு தொட்டியில் வைத்தால் மரமும் இலையும் அளவு பொருந்தாமல் நிற்கும். இதன் விதையும் இலையும் நச்சுத்தன்மை உள்ளவை என்பதால், சிறு குழந்தைகளோ நாய்களோ உள்ள வீடுகளில் உதிரும் விதைகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த போடோகார்பஸ் பாலிஸ்டாக்கியஸ் சிங்கப்பூரின் கரையோரக் காடுகளுக்கே உரிய மரம். இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பழகிய இனமாதலால், தரைவீட்டு முற்றத்தில் வேலி ஓரமாகப் பெரிய தொட்டிகளில் வரிசையாக வைத்துக் கத்தரித்து வளர்க்க இது மிகவும் ஏற்றது.

அடுத்து ஜூனிபர். ஜூனிபெரஸ் சைனென்சிஸ் இனத்தின் 'கைசுக்கா', 'ஷிம்பாக்கு' ஆகிய ரகங்களையும், தரையோடு படரும் ஜூனிபெரஸ் புரோகம்பென்ஸின் 'நானா' ரகத்தையும் இங்குள்ள போன்சாய் ஆர்வலர்கள் திறந்தவெளியில் வளர்த்து வருகிறார்கள். இவற்றுக்கு நேரடி வெயில் நாளுக்கு 5, 6 மணி நேரமாவது வேண்டும். வெயில் குறைந்த தாழ்வாரத்தில் ஜூனிபர் வைப்பது வீண் செலவு.

தமிழ்நாட்டு வீட்டு முற்றங்களிலும் பூங்காக்களிலும் பார்த்துப் பழகிய தூஜா, அதாவது பிளாட்டிகிளேடஸ் ஓரியன்டாலிஸ், வெப்பநாட்டுச் சமவெளியைப் பொறுத்துக்கொள்ளும் இனம். தட்டையான இலைக்கொத்துகள் நிமிர்ந்து, ஏட்டுப் பக்கங்களாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பொன்னிறக் குட்டை ரகமான 'ஆரியா நானா' முட்டை வடிவில் தானாகவே அமைந்துவிடும். ஆனால் நிழலில் வைத்தால் பொன்னிறம் போய் வெறும் பச்சையாகிவிடும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் தொட்டியில் விற்கப்படும் நார்ஃபோக் தீவு பைன் உண்மையில் பைன் அல்ல. அரௌக்கேரியா குடும்பத்தைச் சேர்ந்தது. குட்டை இனமும் அல்ல. தரையில் நட்டால் பல மாடி உயரம் போகும். ஆனாலும் இளம் வயதில் நன்கு வெளிச்சமுள்ள இடத்தில், தொட்டியில் பல ஆண்டுகள் அழகாக இருக்கும். அதன் நுனியை மட்டும் வெட்டிவிடக் கூடாது. நுனி போனால் அடுக்கடுக்கான அந்த வடிவம் பெரும்பாலும் திரும்ப வராது. பக்கக் கிளையை வெட்டி ஊன்றினாலும் அது நிமிராமல் பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நிற்கும் சவுக்கு மரம் ஊசியிலை மரம்போலத் தோன்றினாலும் பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. போன்சாய்த் தொட்டியில் பைன் மரத்தின் தோற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு, வெட்ட வெட்டத் தளிர்க்கும் சவுக்கு ஜப்பானியக் கரும்பைனைவிடப் பல மடங்கு எளிதானது. கரும்பைனைக் கைதேர்ந்தவர்களுக்கு விட்டுவிடலாம். ஹினோக்கி சைப்ரஸையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்வரும்போது அங்குள்ள பண்ணைகளில் பசுமையாக நிற்கும் ஊசியிலைச் செடிகளைப் பார்த்து ஆசைப்படுவது இயல்புதான். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவுகளில் வளர்ந்த செடி அது. அங்கே அது செழிப்பாக இருப்பது இங்கே அது பிழைக்கும் என்பதற்குச் சான்று ஆகாது. மேலும், வெளிநாட்டிலிருந்து செடிகளைக் கொண்டுவருவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிமுறைகள் உள்ளன. புறப்படும் முன்பே அவற்றைப் படித்துக்கொள்ள வேண்டும்.

தாம்சன் சாலையிலோ சுங்கை தெங்காவிலோ உள்ள பண்ணைகளுக்குப் போனால், செடியின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்காமல் உட்புறத்தையும் விலக்கிப் பார்க்க வேண்டும். ஊசியிலை மரம் இறந்த பிறகும் பல நாள் பச்சையாக நிற்கும். அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால், வேர் பிடித்த மரம் தொட்டியோடு சேர்ந்து அசையும்; வேர் இல்லாதது மண்ணுக்குள் தனியாக ஆடும். மெல்லிய கிளை ஒன்றில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் அடியில் ஈரமான பச்சை தெரிய வேண்டும். பழுப்பாகவோ உலர்ந்தோ இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. தொட்டியின் அடித்துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பதும் தவறல்ல. அழுகல் நாற்றம் வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வெயில் எந்தப் பக்கம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 டிகிரியில் இருப்பதால், சூரியன் ஆண்டில் பாதி நாள் நமக்கு வடக்கேயும் மீதி நாள் தெற்கேயும் செல்கிறது. ஜூன் மாத நண்பகலில் அது தலைக்கு நேர்மேலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் ஏறக்குறைய 25 டிகிரி தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், தெற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரையும்தான் நேர்வெயில் கிடைக்கும். மீதி மாதங்களில் அங்கே வெளிச்சம் மட்டுமே உண்டு. ஜூலையில் ஜூனிபர் நன்றாக இருந்த அதே இடத்தில் அது டிசம்பரில் மெலிந்து நீள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மழையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. நண்பகலில் சூரியன் உச்சியை ஒட்டி நிற்பதால், மேல்மாடித் தளமே கூரையாக நின்று வெயிலை மறைத்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிழக்குப் பார்த்த வீடு கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலை வெயில் மரத்திற்குப் போதிய ஒளியைத் தருகிறது. பிற்பகலில் தொட்டி ஆறிவிடுகிறது. மேற்குப் பார்த்த இடத்தில் ஒளி குறைவில்லை. ஆனால் சுவரும் தரையும் சூடேறி, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் மண்ணின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடும். அந்த வெப்பத்தில் வெயில் படும் பக்கத்து வேர்நுனிகள் வெந்துபோகும். அங்கே மரத்திற்கு நிழல் தருவதைவிடத் தொட்டிக்கு நிழல் தருவதே சரியான வழி. வெளிர்நிறத் தொட்டியைப் பயன்படுத்தலாம். சற்றுப் பெரிய வெற்றுத் தொட்டிக்குள் மரம் உள்ள தொட்டியை இறக்கி, இரண்டுக்கும் இடையில் விரற்கடை அளவு காற்று இடைவெளி விடலாம். அல்லது முன்வரிசையில் தாழ்வான செடிகளை வைத்து மறைக்கலாம்.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடந்து செல்லக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி விட்டாக வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. தடுப்புச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்கக் கூடாது. விடியற்காலையில் திடீரெனப் பலமாக வீசும் சுமத்ராக் காற்றுக்கு அடர்ந்த தூஜா ஒன்று பாய்மரம்போல் முகம் கொடுக்கும் என்பதால், உயரமான மரத்திற்கு அகன்ற அடியுள்ள கனமான தொட்டியே பாதுகாப்பு.

மண்ணும் தொட்டியும்

சிங்கப்பூரில் ஊசியிலை மரங்கள் வேர் அழுகியே மிகுதியாகச் சாகின்றன என்பது என் கணிப்பு. பைகளில் விற்கப்படும் பொதுவான பூந்தொட்டி மண்ணில் தென்னை நார்த்துகளும் மக்கிய உரமும் மிகுதி. கீரைக்கும் மணி பிளாண்டுக்கும் அது பொருத்தமானது. ஊசியிலை மரத்தின் வேருக்கோ நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. வெப்பமான, நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்து, ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் நோய்க்கிருமிகள் பெருகிவிடும்.

ஆகவே, கலவையின் பெரும்பகுதி கல்லாக இருக்க வேண்டும். நுரைக்கல், எரிமலைக் கல், சுட்ட களிமண் துண்டுகள், போன்சாய்க்குப் பயன்படும் ஜப்பானியக் களிமண் மணிகளான அக்காடாமா ஆகியவற்றில் கிடைப்பதை வாங்கலாம். அக்காடாமா விலை மிகுந்தது, அது இல்லாமலும் முடியும். 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளே வேண்டும். ஜூனிபருக்கும் தூஜாவுக்கும் கல் மூன்று பங்கு, மக்கிய மரப்பட்டையோ நல்ல பூந்தொட்டி மண்ணோ ஒரு பங்கு; போடோகார்பஸுக்கு இரண்டுக்கு ஒன்று. கலப்பதற்கு முன் கல் துண்டுகளைச் சல்லடையில் போட்டுத் தூளை நீக்குவதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. அந்தத் தூள்தான் சில மாதங்களில் அடியில் இறங்கிச் சேறாகி, துளைகளை அடைக்கும். கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து நனைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் கல் போதவில்லை. விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி.

தொட்டியின் அடியில் உடைந்த ஓடுகளையோ கூழாங்கற்களையோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. நனைந்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் அதன் கீழ்விளிம்பில் நீர் தங்கி நிற்பதுபோல, தொட்டி மண்ணின் அடியிலும் ஒரு ஈர அடுக்கு எப்போதும் தங்கும். அடியில் கல் பரப்பினால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்குமே தவிரக் குறையாது. தொட்டி முழுதும் ஒரே கலவையை நிரப்பி, துளையை மட்டும் வலைத்துண்டால் மூடுவது போதும். இதே காரணத்தால், ஆழம் குறைந்த தொட்டியில் ஈரத்தின் பங்கு கூடுதலாக இருக்கும். தொடக்கத்தில் போன்சாய்த் தட்டுகளைத் தவிர்த்து, அகலத்துக்குச் சமமான ஆழமுள்ள சுடுமண் தொட்டியில் வளர்ப்பது பாதுகாப்பானது. தொட்டியின் அளவும் வேர்ப்பந்தைவிட இரண்டு விரல் அகலம் மட்டும் கூடுதலாக இருந்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் போடோகார்பஸும் ஜூனிபரும் பெரும்பாலும் கெட்டியான மஞ்சள் களிமண் உருண்டையோடு வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே புதுக் கலவைக்குள் புதைத்தால், ஊற்றும் நீர் சுற்றியுள்ள கல் வழியாக ஓடிவிடும். உருண்டைக்குள் ஒன்று காய்ந்துகிடக்கும் அல்லது சேறாகக் கிடக்கும். முழுவதையும் ஒரே நாளில் கழுவி நீக்கினாலும் ஜூனிபர் தாங்காது. உருண்டையின் ஒரு பாதியை மட்டும் மூங்கில் குச்சியால் மெல்லக் கிளறி, வேரை நோகாமல் களிமண்ணை உதிர்த்து, அந்தப் பக்கத்தில் புதுக் கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். மறுபாதியை அடுத்த முறை, ஓராண்டுக்கும் குறையாத இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. நட்டு முடித்ததும் தொட்டியின் துளை வழியாகக் கம்பியைச் செலுத்தி வேர்ப்பந்தை அசையாமல் கட்டிவிட வேண்டும். மரம் காற்றில் ஆடினால், புதிதாக வரும் வேர்நுனிகள் அறுந்துகொண்டே இருக்கும்.

தொட்டி மாற்றுவதற்கு மேகமூட்டமும் மழையும் மிகுந்த நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலமே ஏற்றது. இளங்குருத்து மென்மையாக இருக்கும் நாள்களைத் தவிர்த்து, அது முற்றிக் கரும்பச்சை ஆன பிறகு செய்ய வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் நேர்வெயிலும் பெருமழையும் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். ஒரு மாதம் கழியும் வரை உரம் கூடாது. அதன்பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாள்கணக்குச் சொல்வது அவர்கள் மரத்தைக் கொல்வதற்குத் துணைபோவதாகும். திறந்த மொட்டைமாடியில் பிப்ரவரி மாத வறண்ட காற்றில் நிற்கும் ஜூனிபருக்கு நாளுக்கு இருமுறைகூடத் தேவைப்படலாம். அதே மரத்திற்கு டிசம்பரில் ஒரு வாரம் ஒரு சொட்டும் தேவைப்படாமல் போகலாம். மழைச்சாரல் எட்டாத தாழ்வாரத்தில் வைத்தவர்கள், வெளியே கொட்டும் மழையைப் பார்த்துத் தொட்டியும் நனைந்திருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. சமையலறையில் கிடக்கும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே அடிவரை செருகி வைத்து, ஊற்றும் முன் உருவிப் பார்ப்பதே நம்பகமான வழி. குச்சியின் கீழ்ப்பாதி கருத்து ஈரமாக இருந்தால் காத்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் இலேசான ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டிய நேரம்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக நீர் வெளியேறும் வரை ஊற்றி, சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை ஊற்ற வேண்டும். மண் மிகவும் காய்ந்து நீர் ஓரமாக வழிந்துவிட்டால், தொட்டியை வாளி நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி எடுத்து வடியவிடலாம். தொடர்மழை நாள்களில், தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை ஒன்றைச் செருகிச் சாய்த்து வைப்பது போன்சாய் வளர்ப்பவர்களிடையே உள்ள நல்ல பழக்கம். சாய்ந்த தொட்டியில் தங்கும் நீர் குறையும்.

அடித்தட்டு வேண்டவே வேண்டாம். தட்டில் தேங்கும் நீர் வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் இடம். தரை நனையக் கூடாது என்பதற்காகத் தட்டு வைத்தே ஆக வேண்டிய வீடுகளில், தொட்டியைச் செங்கல் துண்டுகள்மேல் உயர்த்தி, தட்டு நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிடுமாறு தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுவதும் இதற்காகத்தான். இறுகிய மண்ணின் மேலும் நீர் தேங்கிக் கொசு முட்டையிடும். கல் மிகுந்த கலவையில் இந்தத் தொல்லை இயல்பாகவே குறைவு.

ஊசியிலை மரத்திடம் ஒரு கெட்ட குணம் உண்டு. துளசி வாடினால் இலை தொங்கிக் காட்டிக்கொடுக்கும். ஜூனிபர் வாடுவது வெளியே தெரியாது. முதலில் பச்சையின் பளபளப்பு மங்கிச் சாம்பல் கலந்ததுபோல் ஆகும். பிறகு, விரலுக்குக் குளிர்ச்சியாக வளைந்துகொடுத்த இலைக்கொத்து சொரசொரப்பாகிவிடும். பழுப்பு நிறம் தெரியும்போது வேர் செத்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். எனவே கண்ணைவிடக் கையை நம்பி, நாள்தோறும் ஒருமுறை இலைக்கொத்தைத் தடவிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். தண்டை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பான கழிவு, அஞ்ச வேண்டியதில்லை; நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துவருவதே ஆபத்தின் அறிகுறி.

கத்தரிப்பு

ஜூனிபரும் தூஜாவும் பச்சை இல்லாத வெறும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் தவறுகள் நேராது. எங்கே வெட்டினாலும், வெட்டுக்குக் கீழே கொஞ்சமாவது பச்சை இருக்க வேண்டும். தூஜாவின் உட்புறம் ஒளி எட்டாமல் வெறும் குச்சியாக இருக்கும். மேலுள்ள பச்சை அடுக்கின் கனம் சில அங்குலம்தான். அதைத் தாண்டி வெட்டினால் விழும் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பெரிதாக வளரவிட்டு ஒரேயடியாகக் குறைக்கலாம் என்று விட்டுவைக்காமல், நீண்டு தெரியும் குருத்துகளை மட்டும் மாதந்தோறும் தேடித்தேடி, ஒவ்வொன்றாகச் சிறு கத்தரியால் எடுத்துவர வேண்டும். வேலிக் கத்தரியால் மேலாகச் சீவினால் இலைநுனிகள் எல்லாம் வெட்டுண்டு பழுப்பு விளிம்பு கட்டும்.

கைசுக்கா ஜூனிபரை அளவுக்கு மீறி வெட்டினால் அது கோபித்துக்கொள்ளும் என்றே சொல்லலாம்: வழவழப்பான செதில் இலைகளுக்குப் பதிலாக, இளம்பருவத்துக்குரிய முள் போன்ற கூரிலைகளை விடத் தொடங்கும். அவை மறுபடி செதிலாக மாற நீண்ட காலம் ஆகும். குட்டை ரகங்களில் எப்போதாவது ஒரு கிளை மட்டும் மற்றவற்றைவிட வேகமாக, தடித்த இலைகளோடு கிளம்பும். அது மூல மரத்தின் இயல்புக்குத் திரும்பிய கிளை. அதைப் பிறப்பிடத்தோடு நீக்காவிட்டால் சில ஆண்டுகளில் முழு மரத்தையும் அதுவே ஆக்கிரமித்துவிடும்.

போடோகார்பஸில் இத்தனை அச்சம் தேவையில்லை. குருத்து நீண்டு முற்றத் தொடங்கியதும், அடியில் நான்கைந்து இலைகளை விட்டு மேலே வெட்டலாம். இலையின் குறுக்கே வெட்டாமல் இரு இலைகளுக்கு நடுவே தண்டை மட்டும் வெட்டினால் பழுப்பு நுனிகள் தெரியாது. வெட்டிய குருத்துகளில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள, பாதி முற்றியவற்றை ஈர மணலிலோ பெர்லைட் என்னும் எடையற்ற வெண்கல் துகளிலோ ஊன்றி, நிழலில் வைத்தால் சில மாதங்களில் வேர்விடும்.

உரமும் பூச்சியும்

உரம் கொஞ்சம் போதும். ஆஸ்மோகோட் போன்ற மெதுவாகக் கரையும் மணிகளின் பையில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கு 21 டிகிரி வெப்பத்துக்கு உரியது. இங்குள்ள வெப்பத்தில் அது முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதோடு, ஒரே நேரத்தில் மிகுதியாகவும் வெளியேறும். பையில் சொன்ன அளவில் பாதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுவது நல்லது. போடோகார்பஸின் பழைய இலைகள் மட்டும் நுனியிலிருந்து மஞ்சளானால் பெரும்பாலும் மெக்னீசியம் குறைவு. மெக்னீசியம் அடங்கிய எப்சம் உப்பை மிக நீர்த்த கரைசலாக ஊற்றலாம்.

மழை படாத தாழ்வாரங்களில் சிலந்திப்பேன்தான் முதல் எதிரி. இலை மங்கலாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும். விழுந்த தூசுகளில் சில நகர்ந்தால் அவை பேன்களே. சில நாள்கள் காலையில் இலைகளின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும். போடோகார்பஸின் இளங்குருத்தில் நீலச்சாம்பல் மாவு பூசியதுபோல் அசுவினிகள் மொய்ப்பதுண்டு. குருத்தைக் கழுவிவிட்டு, தீராவிட்டால் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசல் தெளிக்கலாம். தோட்ட எண்ணெய்களை நீலநிற ஜூனிபர்மீது தெளிக்கக் கூடாது. நீலத்தைத் தரும் மெழுகுப் பூச்சு அதனால் கரைந்துவிடும். காய்ந்த இலைகளை உட்புறத்திலிருந்து அவ்வப்போது உதிர்த்து எடுத்தால் காற்று நுழையும், நோயும் குறையும்.

பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்தினம் தொட்டிகளை வெயில் குறைந்த, வெளிச்சமுள்ள ஒரே இடத்தில் நெருக்கமாகச் சேர்த்து வைத்து, நன்றாக நனைத்துவிட்டுச் செல்ல வேண்டும். தட்டில் நீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவது கொசுவுக்குச் செய்யும் உபசாரம். ஒரு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால், பக்கத்து வீட்டாரிடம் மூங்கில் குச்சியை உருவிப் பார்க்கும் முறையை நேரில் காட்டிவிட்டுச் செல்வது நல்லது. அன்போடு நாள்தோறும் ஊற்றிவிடுவார்கள் என்பதுதான் மறந்துவிடுவதைவிடப் பெரிய அபாயம். திரும்பி வந்ததும் தொட்டிகளை ஒரேயடியாகப் பழைய வெயிலுக்குத் தள்ளாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்.